வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் உடல் எடையும் பெற்றோர் பொறுப்பும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று அவற்றைச் சற்று ஒருபுறம் வைத்துவிட்டு, பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள நம் பிள்ளைகளின் உடல் எடையைப் பற்றியும், அதில் பெற்றோருக்குள்ள பங்கைப் பற்றியும் பேச விரும்புகிறேன். "பிள்ளை பருப்பதும் இளைப்பதும் அவரவர் வீட்டு விஷயம், இதற்கும் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

நம் மாநிலத்தில் பிள்ளைகளின் உணவு என்றால் பசியைப் போக்குவது என்பதே நெடுங்காலம் பொருளாக இருந்துவந்தது. 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கப்பெற்றதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியதும், 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு சேர்ந்ததும் பசியை முன்னிறுத்திச் செய்யப்பட்ட அரும்பணிகள். அவற்றின் பயனை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் இப்பொழுது பசியின் பக்கத்திலேயே வேறொரு தொல்லையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2015-16-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையுடையோர். 2019-21-இல் அது 40.4 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்களில் 28.2 என்றிருந்தது 37 ஆயிற்று. ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குள் ஏற்பட்ட ஏற்றம் இது. அதே ஆய்வில், பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகையுடன் இருப்பதும் தெரியவந்தது. உடம்பில் கொழுப்பு மிகுந்திருக்கிறது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கிறது. இவ்விரண்டும் ஒரே வீட்டில், சிலபோது ஒரே உடம்பில், குடியிருக்கின்றன.

பிள்ளைகளைப் பற்றியும் கணக்கு உண்டு. 2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஊட்டச்சத்து ஆய்வில், வளரிளம் பருவத்தினருள் 24 விழுக்காட்டினர் வயதுக்குரிய அளவினும் மெலிந்தவர், 5 விழுக்காட்டினர் பருத்தவர் எனக் கண்டனர். ஐந்து என்பது சிறிய எண்தானே என்று விட்டுவிடலாகாது. பதின்ம வயதில் மிகப் பருத்த பிள்ளைகளுள் பலரும் முப்பது வயதிலும் பருத்தவராகவே இருக்கின்றனர். அவர்களுக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சிறு வயதிலேயே வந்துசேர இடமுண்டு. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் தொகையை 10 கோடிக்கு மேல் எனக் கணித்தது. மருந்துக்கென விவசாயி செலவிடும் பணம் எந்த வரவிலிருந்து போகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்பருவத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். முழு வளர்ச்சி பெற்ற மனிதனுக்குரிய எடையில் ஏறத்தாழப் பாதியும், உயரத்தில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கும் இந்தச் சில ஆண்டுகளில்தான் வந்துசேர்கின்றன. பெண்பிள்ளைகளுக்கு இவ்வேகம் முன்னதாகவும் ஆண்பிள்ளைகளுக்கு ஓரிரண்டு ஆண்டு பின்னதாகவும் வரும். ஆகவே பதின்மூன்று வயதுப் பெண்ணின் எடை ஓராண்டில் ஐந்து கிலோ கூடிற்று என்றால் அது நோயன்று. பயிர் பால்பிடிக்கும் பருவத்தில் நீரைக் கட்டினால் என்ன ஆகும்? அதுபோல, வளரும் பருவத்தில் பிள்ளையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்க முயல்வது பெருந்தவறு. பெரியவர்களுக்குரிய அளவுகோலைப் பிள்ளைகளுக்கு வைத்துப் பார்ப்பதும் பிழை. ஐந்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு, வயதும் பாலினமும் அறிந்து பார்க்க வேண்டிய தனி வளர்ச்சி அட்டவணை உண்டு. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் அதனைத் திருத்தி வெளியிட்டது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினரைக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

ஒல்லியாக இருக்கும் பிள்ளைக்குக் கவலையில்லை என்று எண்ணவும் வேண்டாம். புனே நகரையடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் இங்கிலாந்து நாட்டுக் குழந்தைகளோடு ஒப்பிட்டு, 2003-இல் தம் முடிவை வெளியிட்டனர். நம் குழந்தைகள் எடையில் ஏறக்குறைய முக்கால் கிலோ குறைவு; தசை குறைவு; ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய ஆட்களை நாம் ஊர்தோறும் காண்கிறோம் அன்றோ? அதன் வித்து தாயின் வயிற்றிலேயே விழுந்துவிடுகிறது. அந்த வித்துக்கு எருவிடுவதும் விடாதிருப்பதும் பிறகு வீட்டில் நடக்கும் காரியம்.

எருவைப் பற்றிச் சொன்னேன். யூரியாவை அள்ளி இறைத்த நெல்வயலை நீங்கள் அறிவீர்கள். பயிர் கருகருவென்று தழைத்து நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாயிருக்கும். பிறகு புகையான் வரும், குலைநோய் வரும், ஒரு காற்றடித்தால் சாய்ந்துவிடும். பத்து ரூபாய்ப் பொட்டலத்திலும் புட்டிப் பானத்திலும் வளரும் பிள்ளை அப்பயிரை ஒத்தது. உருளைக்கிழங்கு வறுவலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். கால் லிட்டர் குளிர்பானத்தில் 25 கிராமுக்குக் குறையாத சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டி. 2024-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட வழிகாட்டி நூல், ஒரு நாள் முழுவதற்குமே சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது. ஒரு புட்டியிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. காலையும் மாலையும் குடிக்கும் தேநீர் அதற்குமேல்.

இனி, பெற்றோரின் பங்கிற்கு வருவோம். பிள்ளை வளர்ப்பு முறைகளை அமெரிக்க உளநூல் அறிஞரான டயானா பாம்ரிண்டு அம்மையார் 1960-களில் மூன்றாகப் பகுத்தார். கண்டிப்பு மட்டும் உடையது ஒன்று. கேட்டதையெல்லாம் கொடுத்து இளக்கமாக நடத்துவது மற்றொன்று. பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, அன்பும் காட்டி, அதே வேளையில் வரம்பையும் தளர்த்தாமல் காப்பது மூன்றாவது. பிள்ளை என்ன செய்கிறது என்று கண்டுகொள்ளாமலே விட்டுவிடுவதை நான்காவதாகப் பின்வந்தோர் சேர்த்தனர். இம்முறைகளுக்கும் உடல் எடைக்கும் உறவுண்டா என்று அந்நாட்டில் ஆராய்ந்து 2006-இல் ஒரு முடிவு கண்டனர். 872 குடும்பங்களின் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்ததில், அன்பும் வரம்பும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளைக் காட்டிலும், இளக்கமான வீட்டிலும் கண்டுகொள்ளாத வீட்டிலும் எடை மிகும் வாய்ப்பு இருமடங்கு இருந்தது. கண்டிப்பு மட்டுமே உடைய வீட்டிலோ, வியப்பாயிருக்கும், அது ஏறக்குறைய ஐந்து மடங்கு. வேறு நாட்டு எண் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடித்து உருட்டி வளர்த்தால் பிள்ளை கட்டுக்கோப்பாக வளரும் என்று நம்புவோர் நம்மில் மிகுதி. அவர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பதின்ம வயதினரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து மின்னசோட்டா மாநிலத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்விலும், தாய் அன்பும் வரம்பும் சேர்ந்தவளாயிருந்த வீடுகளில் மகனுக்கும் மகளுக்கும் உடல் நிறைக் குறியீடு குறைவாகவே இருந்தது.

நம் வீடுகளில் நடப்பது இவற்றுள் எது? உண்மையில் ஒரே வீட்டில் இரண்டு முறைகள் நடக்கின்றன. தகப்பனார் கண்டிப்பு; தாயும் பாட்டியும் இளக்கம். தகப்பனார் இரவில் வந்து, "என்னடா எருமை மாதிரி பருத்துக்கிட்டே போறே, நாளையிலிருந்து உனக்கு ராத்திரிச் சோறு கிடையாது" என்று அதட்டுகிறார். அவர் தலை மறைந்ததும் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, "போய் எதையாவது வாங்கித் தின்னு சாமி, வாடிப் போயிட்டியே" என்று இருபது ரூபாயைக் கொடுக்கிறார். பாட்டியின் பாசத்தைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர் காலத்தில் தின்பண்டம் என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டுமே கிடைத்த அரும்பொருள். பேரன் கை நிறையத் தின்பதைக் காண்பதில் அவர் தம் சிறுவயதுப் பசியையே ஆற்றிக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் விளைவு யாது? பிள்ளை மறைத்துத் தின்னப் பழகுகிறான். அப்பாவின் சொல் அதட்டலாகவும், பாட்டியின் சொல் தின்பண்டமாகவும் அவனுக்குப் பொருள்படுகின்றன. உணவைப் பற்றி நேர்மையாகப் பேசத்தக்கவர் வீட்டில் ஒருவரும் இல்லாமற் போகின்றனர்.

பெரியவர்கள் முதலில் தமக்குள் கூடிப் பேசி ஒரு வழக்கத்துக்கு வரவேண்டும். கடைப் பண்டம் வாரத்துக்கு ஒரு முறை, சந்தை நாளில் என்று வைத்துக்கொள்ளலாம். வைத்த பிறகு அப்பாவும் அம்மாவும் பாட்டியும் ஒன்றுபோல் அதில் நிற்க வேண்டும். அறவே கூடாது என்று தடுப்பதும் பயன் தராது. கண்ணுக்கு எதிரே ஒரு பண்டத்தை வைத்து, இதைத் தொடாதே என்று தடுத்தபோது சிறு பிள்ளைகளுக்கு அதன்மேல் பேச்சும் நாட்டமும் மிகுந்ததே தவிரக் குறையவில்லை என்று ஃபிஷர், பிர்ச் என்னும் ஆய்வாளர்கள் 1999-இல் கண்டனர். ஆகவே தடுக்க வேண்டியதை வீட்டுக்கு வாங்கி வராதிருப்பதே எளிய வழி. அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைப்பது, எட்டிப் பறிக்கப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பதுபோல் ஆகும். என்ன சமைப்பது, எந்த நேரத்தில் உண்பது, எங்கே உட்கார்ந்து உண்பது என்பவற்றைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையின் வயிறே தீர்மானிக்கட்டும். "தட்டில் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கக் கூடாது" என்னும் பழக்கம் நெல்லை விளைவிப்போர்க்கு இயல்புதான். அதற்கு வழி, முதலில் குறைவாக இட்டு, கேட்டால் மறுபடியும் இடுவது.

ஏச்சைப் பற்றி ஒரு சொல். "குண்டு", "பூசணி", "ஒட்டடைக் குச்சி" என்று பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைப்பதை நாம் வேடிக்கையாகக் கருதுகிறோம். திருமண வீட்டில் நாலு பேர் முன்னிலையில் மாமன்மாரும் அத்தைமாரும் அதைச் சொல்லிச் சிரிக்கின்றனர். அந்தப் பிள்ளைக்கு அது வேடிக்கையன்று. மேற்சொன்ன மின்னசோட்டா ஆய்வாளரே 2013-இல் இன்னொன்றையும் காட்டினர். பெற்றோர் எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளைகள், உணவைத் தவிர்த்தல், மாத்திரை விழுங்குதல் போன்ற கேடான வழிகளில் இறங்குவது மிகுந்திருந்தது. நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைந்திருந்தது. எடை என்னும் சொல்லையே வீட்டில் எடுக்காமல், "இன்றைக்கு முருங்கைக்கீரை பறித்தாயா, வா, இருவரும் ஏரிக்கரை வரை நடந்துவருவோம்" என்று சொல்லும் தகப்பன் அதிகம் சாதிப்பான்.

பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் செயலைப் பார்க்கிறார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் உணவில் இது எப்படி நடக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். இரண்டு மூன்று கறவை மாடுகள் உள்ள வீடு. காலையிலும் மாலையிலும் பால் முழுவதும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு குவளைத் தேநீர். பிறகு, "பிள்ளைக்குச் சத்தில்லை" என்று கருதி, பால் பணத்திலேயே விளம்பரத்தில் கண்ட மாவுப் புட்டியை வாங்குகிறோம். அம்மாவுகளில் பலவற்றில் சர்க்கரை மிகுதி. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பின்கீழ் விற்கலாகாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மாட்டை வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு அதன் பாலில் ஒரு குவளை எடுத்து வைப்பதால் நட்டம் சில ரூபாய்தான். நிலக்கடலை விளையும் ஊரிலும் இதே கதை. மூட்டையை மண்டிக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்குப் பொட்டலம் வாங்குகிறோம். நூறு கிராம் கடலையில் 25 கிராம் புரதம் உண்டு. ஒரு படி கடலையை வீட்டுக்கென்று ஒதுக்கி, அவித்தோ வறுத்தோ கொடுங்கள்.

சோற்றின் அளவும் அவ்வாறே. மடை திருப்பி, ஏர் ஓட்டி, சுமை தூக்கிய தாத்தாவின் தட்டும், நடவு இயந்திரத்தையும் கைபேசியில் இயக்கும் மோட்டாரையும் கொண்டு வேளாண்மை செய்யும் மகனின் தட்டும், பள்ளி வண்டியில் சென்று வரும் பேரனின் தட்டும் ஒரே அளவாக இருக்கின்றன. வேலை குறைந்தது, சோறு குறையவில்லை. மேற்குறித்த 2024 வழிகாட்டி, தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல் 45 விழுக்காட்டுக்கு மிகாதிருக்கட்டும், பருப்பு, காய், கீரை, பழம், முட்டை, மீன் ஆகியவை ஏறட்டும் என்கிறது. தட்டில் பாதி காயும் கீரையும் பழமும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் கணக்குத் தேவையில்லை. பொறுப்புள்ள தகப்பனார் தாமே கீரையை ஒதுக்கிவைத்துக்கொண்டு மகனைத் தின்னச் சொன்னால் அவன் கேட்கமாட்டான். இரவு உணவையாவது குடும்பத்தார் அனைவரும் தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டுச் சேர்ந்து உண்ணுங்கள். சேர்ந்து உண்ணும் வீட்டுப் பிள்ளைகள் காயும் பழமும் மிகுதியாக உண்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டில் தாய்மார் கடைசியாக, மிஞ்சியதை உண்ணும் வழக்கம் இதனால் தானே குறையும் என்பது எனக்கு மிக விருப்பமான மற்றொரு பயன்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயது வரை தெருவில் பாண்டியும் பச்சைக்குதிரையும் ஆடிய பெண், பூப்பெய்தியதும் வீட்டுக்குள் போய்விடுகிறாள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் வெல்லமும் அந்நாட்களில் வேளைக்கு வேளை தருகிறோம். களியில் குற்றமில்லை, உளுந்தும் எள்ளும் நல்ல பொருள்களே. அவற்றை உண்டவளின் ஓட்டத்தையும் ஆட்டத்தையும் அதே நாளில் நிறுத்திவிடுவதுதான் பிழை. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி அறுபது நிமிடமாவது மூச்சு வாங்க உடலுழைப்போ விளையாட்டோ செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. அதில் ஆண் பெண் வேறுபாடில்லை. "வயசுப் பெண் வெளியே ஆடினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று தாய் அஞ்சுகிறாள். அந்த நாலு பேரில் சிலர் இக்கூட்டத்தில் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர்கள் பேசாதிருந்தால் தாயின் அச்சம் பாதி தீரும்.

அதே பெண்பிள்ளைக்கு இரத்தச்சோகையும் இருக்கக்கூடும். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் வாங்கிச் சன்னல் வழியே எறிந்துவிடுகின்றனர். குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்பது காரணம். வெறும் வயிற்றில் விழுங்காமல் மதிய உணவுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறையும். மலம் கறுப்பது தீங்கன்று. மாத்திரையை அடுத்து உடனே தேநீர் குடிக்கலாகாது. தேநீர் இரும்பை உடம்பு ஏற்கவிடாது. நெல்லியோ கொய்யாவோ உண்டால் ஏற்கும். தாய் இதனை அறிந்து மகளிடம் வாரந்தோறும் ஒரு சொல் கேட்டால் போதும்.

ஆண்பிள்ளைகளின் கதை வேறு. பதினோராம் வகுப்பில் அரசு மிதிவண்டி தருகிறது. அது திண்ணையில் சாய்ந்து கிடக்க, மகன் தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போகிறான். கடை எவ்வளவு தொலைவு? இரண்டு தெரு. உரிம வயது வராத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பது சட்டத்துக்கும் உயிருக்கும் கேடு என்பதைத் தனியே சொல்ல வேண்டும். எடைக்கும் அது கேடு. ஊக்கம் தரும் பானம் என்று புட்டியில் வரும் காபின் கலந்த பானத்தை இக்காலத்துச் சிறுவர் பந்து விளையாடிவிட்டுக் குடிக்கின்றனர். அப்புட்டியின் மேலேயே குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று அச்சிட்டிருக்கிறது, படிப்பார் இல்லை. உறக்கத்தைப் பற்றி ஒரு வரி: பதின்ம வயதினர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். உறக்கம் குறைந்தால் மறுநாள் பசி பெருகும். இரவு ஒன்பதரை மணிக்கு மேல் கைபேசி பெற்றோர் உட்பட யாவருடையதும் கூடத்து மாடத்தில் கிடக்கட்டும்.

இவ்வளவும் வீட்டுக்குள். இனி ஊராட்சிக்கு வருவோம். வீட்டில் தாய் எவ்வளவு கண்ணாயிருந்தாலும், பள்ளி வாயிலில் பொட்டலமும் புட்டியும் தொங்கினால் அவள் என்ன செய்வாள்? கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிக்க பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், வாயிலிலிருந்து 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்கலாகாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி வகுத்துள்ளது. இதை அறிந்த உறுப்பினர்கள் எத்தனை பேர்? விதியைக் காட்டிக் கடையை மூடச் செய்வது எளிது. ஆனால் அக்கடையை வைத்திருப்பவர் பெரும்பாலும் ஆதரவற்ற ஒரு தாயாகவோ, கால் ஊனமுற்ற ஒருவராகவோ இருப்பார். அவரது பிழைப்பைக் கெடுத்து நம் பிள்ளைகளின் உடம்பைக் காப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவித்த கடலை, சுண்டல், கொய்யா, வெள்ளரி, நீர்மோர் ஆகியவற்றை விற்க அவருக்குக் கைமுதல் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவின் வழியாக அதற்குச் சிறு கடன் பெற்றுத் தர இயலும். கடலை மிட்டாயும் வைக்கலாம்; வெல்லமும் சர்க்கரையின் இனமே என்பதை மட்டும் மறவாமல் அளவோடு வைக்கலாம். மாற்றுச் சரக்குக்கு வழி செய்துவிட்டுப் பிறகு விதியைப் பேசுவோம். நம் ஒன்றியக் கூட்டங்களிலும் தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாகச் சுண்டலும் மோரும் கொடுத்தால், ஊரார் நம்மை நம்புவர்.

அடுத்தது விளையாட்டுத் திடல். பல ஊர்களில் திடலில் வைக்கோற்போர் நிற்கிறது, அல்லது லாரிகள் நிற்கின்றன. 2024-ஆம் ஆண்டில் ஊராட்சிகளுக்கு அரசு விளையாட்டு உபகரணத் தொகுப்புகளை வழங்கியது. அவை எந்த அலமாரியில் இருக்கின்றன, சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு உறுப்பினரும் இன்றே விசாரிக்க வேண்டுகிறேன். பூட்டிய பந்து காற்றிறங்கி வெடித்துப்போகும்.

அக்டோபர் 2-ஆம் நாள் நடைபெறும் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைக்கலாம். அதற்கு முன்பாகப் பள்ளித் தலைமையாசிரியரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் கலந்து, பிள்ளைகளின் உயரமும் எடையும் எடுத்த விவரத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயரைச் சபையில் படிக்கக் கூடாது. மெலிந்தவர் இத்தனை பேர், பருத்தவர் இத்தனை பேர் என்று தொகையை மட்டும் கூறினால் போதும். திடலில் மாலை நாலரை மணி முதல் ஐந்தரை மணி வரை பெண்பிள்ளைகளுக்கு என ஒதுக்கித் தீர்மானம் இயற்ற முடியுமா, அந்நேரத்தில் உடனிருக்கத் தாய்மார் இருவர் முறைவைத்து வர முடியுமா என்பதைச் சபையிலேயே கேளுங்கள். சென்ற மாதம் ஓர் ஊரில் இதைப் பேசியபோது முதலில் எழுந்து சரி என்றவர் எழுபது வயதுப் பாட்டி ஒருவர். தாமே வந்து திடலோரத்தில் உட்காருவதாகவும், வெற்றிலைப் பெட்டியை மட்டும் எவரும் தடுக்கலாகாது என்றும் சொன்னார். விளக்குக் கம்பம் இல்லாத திடல்களுக்கு, மின் விளக்கு மதிப்பீட்டை எங்கள் பொறியாளர் தயாரித்துத் தருவார். விண்ணப்பத்தைத் தீர்மான நகலுடன் ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.